நெஞ்சு ஏறி இறங்குகிறதே, உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: "அண்ணனுக்கு மூளைச்சாவு என்கிறார்கள். உடம்பு சூடாகத்தான் இருக்கிறது. சம்மதித்தால் நாங்களே கொன்றதாகிவிடாதா?"

ஆகாது. அந்த மூச்சு வென்டிலேட்டருடையது. இதயம் தானாகத் துடிக்கக்கூடியது. ஆக்சிஜன் கிடைக்கும்வரை சில காலம் துடிக்கும். கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு, மூளைச்சாவிலிருந்து மீள முடியாது. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும்: கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, வென்டிலேட்டரை விலக்கினால் மூச்சுவிட முயல்கிறாரா என்று. உறுப்பு மாற்றும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. அந்தச் சோதனைத் தாள்களைக் கேட்டுப் பாருங்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். சந்தேகப்படுவது குற்றமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. சம்மதித்தால் அவர் இறந்தவர். மறுத்தால் வென்டிலேட்டர் ஓடும், பில்லும் ஏறும். இறப்புப் பதிவுச் சட்டம் மூளைச்சாவைத் தனியே சொல்லாததால் பல மருத்துவமனைகள் கருவியை நிறுத்தத் தயங்குகின்றன. ஒரே உடலுக்கு இரண்டு நிலையா? இந்த நெருக்கடியில் வாங்கும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணத்துக்காக மட்டும் தலையாட்டாதீர்கள்.

உறுப்பு யாருக்கு என்பதைக் கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே அமைப்பு காத்திருப்போர் பட்டியல்படி தீர்மானிக்கும். முதலில் அண்ணியிடம் பேசுங்கள். அண்ணன் என்ன விரும்பியிருப்பார் என்று அண்ணிக்குத்தான் தெரியும்.