எலிக்கு முளைத்த பல்லும் நம் வாயில் ஆடும் பல்லும்: கேள்வி பதில்

மதுரையில் 22 வருஷமாக ஈறு நோய்க்குச் சிகிச்சை பார்க்கிறேன். பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். மருத்துவ ஆராய்ச்சி பற்றி வருகிற செய்திகளில் எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்கலாம் என்று கேளுங்கள் என்றேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டார்கள். கீழே உள்ள பதில்களும் அப்படிப் பார்த்துச் சொன்னவைதான்.

திருப்பரங்குன்றம், ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்: சர்க்கரை 14 வருஷமா இருக்கு. மூணு மாச சராசரி 8.6க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. சர்க்கரை டாக்டர் ஈறைக் காட்டச் சொல்றார். ஈறுக்கும் சர்க்கரைக்கும் என்னம்மா சம்பந்தம்? கிளீன் பண்ணினா பல் ஆடிப்போகும்னு வேற சொல்றாங்க.

அவர் சொன்னது சரிதான் ஐயா. ஈறு நோய் முற்றியவர் வாயில் ஆறாத புண் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். வலிக்காது, அதனால் நமக்குத் தெரியாது. அந்தப் புண்ணில் உண்டாகிற அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை இன்னும் ஏறும்.

இதைச் சோதித்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற சர்வதேச அமைப்பான காக்ரேன் குழு 2022ல் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 35 ஆய்வுகள். ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது நீங்கள் சொல்கிற மூணு மாச சராசரி, மற்றவர்களைவிட 0.43 குறைந்திருந்தது. லண்டனில் 264 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து 2018ல் வெளியிட்ட ஆய்வில் வித்தியாசம் 0.6. கேட்க சின்ன எண் மாதிரி இருக்கும். சர்க்கரைக்கு இரண்டாவது மாத்திரை ஒன்று சேர்த்தால் கிடைக்கிற இறக்கத்தோடு ஒப்பிடத்தக்கது அது. அதற்காக மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மாத்திரையோடு ஈறையும் பாருங்கள்.

இனி, பல் ஆடுகிற கதை. கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கை வைத்துப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். அது பல் காரை. வருஷக்கணக்கில் இறுகினால் பற்களுக்கு நடுவே சிமெண்ட் பூசியது மாதிரி ஆகிவிடும். உள்ளே எலும்பு கரைந்து பல் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும், காரை அதைப் பிடித்து நிறுத்தி மறைத்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் உண்மை வெளியே வருகிறது, பழி கிளீனிங் மேல் விழுகிறது. நான் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டுக் காட்டுவேன். நல்ல ஈறில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஏழு வரை இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவர் யாரும் பிறகு கிளீனிங்கைக் குறை சொன்னதில்லை.

கோச்சடை, கல்லூரி மாணவர்: டாக்டர், ஜப்பான்ல பல் முளைக்க வைக்கிற ஊசி வந்திருச்சாமே? அப்பாவுக்கு இம்ப்ளாண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்க. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம் தம்பி. செய்தி உண்மை, ஆனால் அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பல் முளைப்பதை அடக்கி வைக்கிற யுசாக்-1 என்ற புரதம் நம் உடம்பில் இருக்கிறது. அதைக் கட்டிப்போடுகிற ஆன்டிபாடி மருந்தை ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் எலிக்கும் ஃபெரெட் என்கிற கீரி போன்ற பிராணிக்கும் கொடுத்தார்கள். பல் முளைத்தது. ஃபெரெட்டை ஏன் எடுத்தார்கள் என்றால், அதற்கும் நம்மைப் போல் பால் பல் விழுந்து நிலைப்பல் வரும். 2024 அக்டோபரில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. 30 முதல் 64 வயதுக்குட்பட்ட, ஒரு பல்லாவது இல்லாத 30 ஆண்களிடம். முதல் கட்டத்தில் பார்ப்பது மருந்து கெடுதல் செய்கிறதா என்பதை. பல் முளைக்கிறதா என்ற கேள்வி அதற்கு அடுத்துதான். அவர்கள் முதலில் உதவ நினைப்பதும் பிறவியிலேயே பற்கள் இல்லாத குழந்தைகளுக்கு. அப்பா இப்போது மென்று சாப்பிட வேண்டும், இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளட்டும்.

மேலூர், அம்மா: என் பொண்ணுக்கு நாலு வயசு. முன்பல் எல்லாம் சொத்தை. டாக்டர் ஏதோ மருந்து தடவினார், சொத்தை கன்னங்கரேல்னு ஆயிருச்சு. மாமியார் திட்டுறாங்க.

அந்தக் கறுப்பு, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்று பெயர். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். ஊசி இல்லை, டிரில் இல்லை, ஒரு நிமிஷ வேலை. உலக சுகாதார நிறுவனம் 2021ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சொத்தை நரம்பைத் தொட்டு வலியோ வீக்கமோ வந்துவிட்ட பல்லுக்கு இது போதாது. கறுப்பாகும் என்று முன்னாடியே உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அது மருத்துவர் விட்ட குறை. மாமியாரிடம் சொல்லுங்கள், அது பால் பல், விழுந்துவிடும்.

உசிலம்பட்டி பக்கம், பெயர் வேண்டாம் என்றவர்: டாக்டரம்மா, என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார். தூக்கம் வராம இருக்க பாக்குப் பொட்டலம் போடுவார். புகையிலை கிடையாது, வெறும் பாக்குதான். இப்ப கொஞ்சம் காரம் பட்டாலும் எரியுதுங்கிறார், வாயும் முன்ன மாதிரி திறக்கல. புது மருந்து ஏதும் வந்திருக்கா?

அம்மா, இதைப் படித்ததும் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து நிறுத்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நல்ல வாயில் நுழையும். இரண்டு விரல் கூடத் தட்டுகிறது என்றால் தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சென்ற வருஷம் என்னிடம் வந்த ஒருவருக்கு ஒரு விரல்தான் நுழைந்தது. இட்லியைப் பிட்டுப் பிட்டு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கன்னத்தின் உட்புறத்தைத் தடவினேன். தோல் மாதிரியே இல்லை, உள்ளே கயிறு ஓடுவது போல் இருந்தது.

பாக்கில் இருக்கிற அரிகோலின் என்ற பொருள், கன்னத்துக்குள் நார்த்திசுவை அளவுக்கு மேல் உண்டாக்கி இறுக்குகிறது. அந்த இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடியது. "வெறும் பாக்குதானே" என்பதுதான் நம் ஊரில் ஆளைக் கொல்கிற வார்த்தை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 20 வருஷத்துக்கு முன்பே முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பிரிவில், வைத்துவிட்டது. 2022ல் உலகம் முழுக்க வாய்ப் புற்றுநோய் கண்ட சுமார் 3,89,800 பேரில் 1,20,200 பேருக்குக் காரணம் மெல்லும் புகையிலையும் பாக்கும் என்று அதே அமைப்பு கணக்கிட்டது. அதில் 83,400 பேர் இந்தியர்கள். சோழவந்தான் வெற்றிலை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதற்குள் மடித்து வைக்கிற பாக்கின் மேல்தான்.

மருந்து? கன்னத்தில் ஊசி, வாய் திறக்கும் பயிற்சி, முற்றினால் அறுவை சிகிச்சை. எதுவும் வாயைப் பழையபடி ஆக்கித் தராது. பாக்கை நிறுத்தினால்தான் அவையும் பலன் தரும். ஆனால் சீக்கிரம் பார்ப்பது உயிரைக் காக்கும் என்பதற்குப் பக்கத்துக் கேரளத்திலேயே சாட்சி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஸ்கேன் எதுவும் இல்லை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. 2005ல் வெளிவந்த முடிவு இது. இன்னும் நம் ஊர்களில் வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வேதனை.

திருமங்கலம், ஆட்டோ ஓட்டுநர்: அண்ணனுக்கு வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் ஆகி மறுபடி வந்திருச்சு. இனி ஆபரேஷன் முடியாதுங்கிறாங்க. இம்யூனோதெரபி ஊசின்னா லட்சக்கணக்குல ஆகுமாம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த ஆய்வு உங்களுக்கு உதவக்கூடும். இம்யூனோதெரபி என்றால் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டுவது. நிவோலுமாப் என்ற அப்படிப்பட்ட ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். கூடவே விலை குறைந்த மாத்திரைகள். 151 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், மீதிப் பேருக்கு ஊசியும் சேர்த்து. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 சதவீதம், ஊசியும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். இது நோயை வேரோடு எடுக்கிற சிகிச்சை இல்லை, நாளைக் கூட்டித் தருகிற சிகிச்சை. "குறைந்த அளவு நிவோலுமாப் அண்ணனுக்குப் பொருந்துமா?" என்று புற்றுநோய் மருத்துவரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

அனுப்பானடி: இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடறேன். பல் எடுக்க நிறுத்தணுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் எடுத்த இடத்து ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் தையல் போட்டு நிறுத்திவிடலாம். இதய ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் அதை அப்படிச் சரிசெய்ய முடியாது.

வாடிப்பட்டி, ஆசிரியை: ஈறுக் கிருமிதான் மறதி நோய்க்குக் காரணம் என்று வாசித்தேன். உண்மையா?

2019ல் அல்சைமர் வந்தவர்களின் மூளையில் ஈறு நோய்க் கிருமியின் தடயம் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. நானும் ஆவலாகப் படித்தேன். அந்தக் கிருமியின் நச்சைத் தடுக்கிற மருந்தை 643 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2021ல் முடிவு வந்தது: எதிர்பார்த்த பலன் இல்லை. தொடர்பு இருக்கலாம், காரணம் என்று நிரூபணமாகவில்லை.

அவனியாபுரம்: மாமாவை ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வுல சேரச் சொல்லிக் கையெழுத்து கேட்கிறாங்க. ஏழைகளை எலியாக்குறாங்களோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. முதலில் நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வயல் வேலையில் நெல் உமி கண்ணில் பட்டு பூஞ்சைப் புண் வருவது இங்கே அதிகம். 1990களில் மதுரை மாவட்டத்தில் வருஷத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாகக் கணக்கு. பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தா, புதிய வோரிகோனசோலா என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2013ல் முடிவு வந்தபோது பழைய மருந்தே ஜெயித்தது. அந்த 323 பேர் சம்மதிக்காமல் இருந்திருந்தால், புதுசு என்பதற்காகவே பலன் குறைந்த மருந்தை இன்றும் ஊற்றிக்கொண்டிருப்போம்.

இப்போது மாமா செய்ய வேண்டியது. சம்மதப் படிவம் தமிழில் வேண்டும், நகல் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். ஆய்வின் சிடிஆர்ஐ பதிவு எண்ணை, அதாவது இந்தியாவில் நடக்கிற மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேட்டில் உள்ள எண்ணை, கேளுங்கள். படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கிறதா பாருங்கள். பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா, மருந்தால் பாதிப்பு வந்தால் யார் செலவு என்று கேளுங்கள். முதலாவதற்கு "தொடரும்" என்றும் இரண்டாவதற்கு "எங்கள் செலவு" என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க விடமாட்டோம் என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். படித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் நகலை எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி படித்து விளக்குகிறேன்.