தி.நகரில் அம்மாவுக்குக் கழிப்பறை

சர்க்கரை, முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கல்யாண ஜவுளிக்குத் தி.நகர் கூட்டிப்போகிறேன், கழிப்பறைக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். மாநகராட்சிக் கழிப்பறையை மட்டும் நம்பாதீர்கள். பூட்டியிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பது போனால்தான் தெரியும். கூகுள் மேப்பில் தேடினால் நட்சத்திரத்தை விடுங்கள், கடைசிப் படத்தின் தேதியைப் பாருங்கள்.

பெரிய ஜவுளிக்கடைதான் கைகொடுக்கும். வாசல் செக்யூரிட்டியிடம் கேட்க வேண்டாம், கையை எங்கேயாவது காட்டுவார். உள்ளே சேல்ஸ் பெண்களிடம் "ரெஸ்ட் ரூம் எந்த ஃப்ளோர், வெஸ்டர்ன் இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மேல்மாடி, சாயங்காலம் லிஃப்டுக்கே வரிசை நிற்கும். அதனால் காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். அவசரம் வரும்வரை காத்திருக்காமல் ஒன்றரை மணிக்கொரு முறை போகச் சொல்லுங்கள்.

வழியில் பெட்ரோல் பங்க் இருந்தால் அங்கேயும் கழிப்பறை கேட்டுப் பாருங்கள். பூட்டியிருந்தால் ஆபீஸ் ரூமில் சாவி கேளுங்கள்.

பையில் டிஷ்யூ, பேப்பர் சோப், 5, 10 ரூபாய்ச் சில்லறை, ஒரு காலி பாட்டில் (மக் இருக்காது).

பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் கூட்டிப்போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நீர்ச்சத்துக் குறைவும் சிறுநீர்த் தொற்றும் சீக்கிரம் வரும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறார் என்றால் அன்றைக்கு நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் முதல்நாளே கேளுங்கள்.