கோடு போட்டால் என்ன, காற்புள்ளி போட்டால் என்ன? – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதைகள் என்னிடம் இரண்டு புத்தகங்களாக இருக்கின்றன. ஒன்று நடைபாதைக் கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கியது, இன்னொன்று நண்பர் கொடுத்த தடிமனான பதிப்பு. மரணம் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் பிரபலமான கவிதை முதலாவதில் 'ரதம்' என்று பொருள்படும் தலைப்போடு ஐந்து பத்திகளில் இருக்கிறது. இரண்டாவதில் தலைப்பே இல்லை, ஆறு பத்திகள், எங்கு பார்த்தாலும் சிறு கோடுகள். எது அவர் எழுதியது? இந்தக் கோடு, காற்புள்ளி விவகாரத்துக்குப் பேராசிரியர்கள் ஆயுளையே செலவழிப்பது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தடிமனானதை நம்புங்கள். அதற்காக மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

டிக்கின்சன் 1886 மே மாதம் சொந்த ஊரான ஆம்ஹர்ஸ்டில் இறந்தபோது அச்சில் வந்திருந்தவை சுமார் பத்துக் கவிதைகள்தான், அவையும் பெரும்பாலும் பெயரில்லாமல். தங்கை லவீனியா கண்டெடுத்ததோ தாள்களை மடித்து நூலால் தைத்த சிறு கட்டுகள், அப்புறம் ஏகப்பட்ட உதிரித் தாள்கள். எல்லாம் சேர்த்து இன்று கிட்டத்தட்ட 1800 கவிதைகள். 1890இல் அதே ஊர்ப் பேராசிரியர் ஒருவரின் மனைவி மேபல் லூமிஸ் டாடும், எமிலி கடிதத்தில் கவிதைகள் அனுப்பிவந்த எழுத்தாளர் ஹிக்கின்சனும் அதில் ஒரு பகுதியைப் பாஸ்டனில் வெளியிட்டார்கள். வாசகர் மிரண்டுவிடக் கூடாதே என்று தலைப்பு வைத்தார்கள், கோடுகளை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டார்கள், எதுகை இடறிய இடத்தில் சொல்லையே மாற்றினார்கள்.

உங்கள் கவிதையிலேயே பாருங்கள். வண்டி ஒரு வீட்டின் முன் நிற்கிறது, வீடு என்றால் கல்லறைதான், மண்ணின் வீக்கம் போலத் தெரிகிறது. கையெழுத்தில் அந்தப் பத்தியின் இரண்டாம் வரியும் நான்காம் வரியும் 'மண்' என்று பொருள்படும் ஒரே சொல்லில் முடிகின்றன. ஒரே சொல்லை அதற்கே எதுகையாக வைப்பதா என்று பதிப்பாளர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், இரண்டாவதை 'மேடு' ஆக்கிவிட்டார்கள். காணாமல் போன பத்தி இன்னும் மோசம். சூரியனைக் கடந்தோம் என்று முந்தைய பத்தியில் சொன்னவர் உடனே, இல்லையில்லை, அவன்தான் எங்களைக் கடந்துபோனான் என்று திருத்திக்கொள்வார், உடம்பில் மெல்லிய துணி, பனி இறங்குகிறது. அந்தக் கவிதை எனக்குக் குளிர ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான். அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் குடும்பச் சண்டை. டாடுக்கும் எமிலியின் அண்ணன் ஆஸ்டினுக்கும் இருந்த உறவு ஊரறிந்தது, அதனால் தாள்கள் இரண்டு வீட்டில் சிக்கிக் கடைசியில் ஹார்வர்டுக்குப் பாதி, ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் பாதி என்று போய்ச் சேர்ந்தன. 1955இல்தான் தாமஸ் ஜான்சன் மூன்று தொகுதிகளில் 1775 கவிதைகளைப் பாடபேதங்களோடு, அதாவது ஒரே வரியின் வேறு வேறு வடிவங்களோடு, ஹார்வர்டில் பதிப்பித்தார். இந்தப் பாடபேதங்கள் படியெடுத்தவரின் கைப்பிழைகள் அல்ல, டிக்கின்சனே ஒரு சொல்லுக்குமேல் கூட்டல் குறி போட்டுத் தாளின் அடியில் நாலைந்து மாற்றுச் சொற்களை எழுதிவைப்பார், எது வேண்டும் என்று முடிவு செய்யாமலே விட்டுவிடுவார். டாட் பிரித்துப்போட்ட கட்டுகளை, ஊசி ஓட்டைகளையும் கறைகளையும் பொருத்திப் பார்த்து மறுபடி வரிசைப்படுத்தியவர் ஃபிராங்க்ளின் என்ற ஆய்வாளர். அவருடைய 1998 பதிப்பில் எண்ணிக்கை 1789.

ஜான்சன் பதிப்புக்குக் காப்புரிமை உண்டு, 1890 பதிப்புக்கு இல்லை. உங்கள் எண்பது ரூபாய்ப் புத்தகத்தின் ரகசியம் அவ்வளவுதான், காசில்லாமல் கிடைத்ததை அச்சடித்திருக்கிறார்கள்.

கோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அந்த அம்மாளையே கேட்கலாம். 1866இல் பாம்பைப் பற்றிய கவிதையை ஒரு பத்திரிகை அவர் சம்மதமில்லாமல் வெளியிட்டது. மூன்றாம் வரிக் கடைசியில் ஒரு நிறுத்தக்குறியைப் போட்டுவிட்டார்கள், மூன்றும் நான்கும் ஒன்றல்லவா என்று ஹிக்கின்சனுக்குக் கடிதம் எழுதிக் குறைப்பட்டுக்கொண்டார். அதே ஹிக்கின்சன்தான் பின்னாளில் பதிப்பாளர், என்ன செய்வது.

கோடாவது பரவாயில்லை, ஒற்றை எழுத்து என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில் கதை இருக்கிறது. 'ஒயிட் ஜாக்கெட்' நாவலில் ஒருவன் பாய்மரத்திலிருந்து கடலில் விழுகிறான், ஏதோ ஒரு 'சுருண்ட' மீன் உடம்பில் உரசுகிறது. பிற்காலப் பதிப்பொன்றில் ஆங்கில எழுத்து ஒன்று மாறி அது 'அழுக்கான' மீன் ஆகிவிட்டது. அமெரிக்க இலக்கிய விமர்சனத்தில் பெரிய பெயரான மத்தீசன் 1941இல் அந்தச் சொல்லைக் குறிப்பிட்டு, மெல்விலைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும் என்கிற தொனியில் சிலாகித்தார். எட்டு வருஷம் கழித்து இன்னொருவர் எழுதினார், ஐயா அது அச்சுப்பிழை. பாராட்டு அச்சுக்கோத்தவருக்குப் போக வேண்டியது.

உங்கள் கடுப்பும் புதிதல்ல. 1968இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் இதே ஆத்திரத்தில் எழுதினார்: மார்க் ட்வைன் பதிப்புக்காகப் பதினெட்டுப் பேர் 'டாம் சாயர்' நாவலைச் சொல் சொல்லாகப் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டிருக்கிறார்களாம். படித்துச் சிரித்தேன். ஆனால் மெய்ப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும், நேராகப் படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது. அந்தப் பதிப்புகளின் விலையையும் முள்வேலி போன்ற அடிக்குறிப்புகளையும் அவர் திட்டியது சரிதான், சாதாரண வாசகன் கையில் அடங்கும் புத்தகம்தான் அவர் கேட்டது. அது 1982இல், அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வரிசையாக வந்தது. அதில் பல புத்தகங்களுக்கு மூல வாசகத்தை எடுத்துக்கொண்டது இந்தக் காற்புள்ளிப் பேராசிரியர்களிடமிருந்து.

ஒன்று செய்யுங்கள். டிக்கின்சனின் கையெழுத்துத் தாள்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், 2013இல் ஏற்றினார்கள். உங்கள் கவிதையை அங்கே தேடி எடுத்துக் கோடுகளை மட்டும் பாருங்கள். சில நீளம், சில வெறும் புள்ளி மாதிரி, சில சரிந்து கிடக்கும். தடிமனான புத்தகத்திலும் எல்லாம் ஒரே அளவுதான்.