ஒற்றுமைக்கு மூன்று பாயின்ட்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இருக்கிறேன். அடுத்த வாரம் ‘தேச ஒற்றுமையில் இளைஞர்களின் பங்கு’ என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி. என் தலைமுறையைப் பார்த்தால் எனக்கே சோர்வாக இருக்கிறது. மொழி, மாநிலம் என்று எதற்கெடுத்தாலும் சண்டை. எங்கள் விடுதி மெஸ்ஸில்கூட இப்போது எல்லாம் வடக்கன்கள்தான், ஒரு சட்னி கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அந்தக் கால இளைஞர்களிடம் இருந்த நாட்டுப்பற்று இன்று ஏன் இல்லை? செல்போன்தான் காரணமா? இளைஞர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று பாயின்ட் சொன்னால் உதவியாக இருக்கும்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ‘எதற்கெடுத்தாலும் சண்டை’ என்று சலித்துக்கொண்டீர்களே, அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் அதே யோசனைதான், ஆனால் நான் வந்து சேர்ந்த இடம் வேறு.

செல்போனை விடுங்கள். அது இல்லாத 1961இலேயே ஜபல்பூரில் இந்து-முஸ்லிம் கலவரம் நடந்தது. அதே ஆண்டு நேரு தேசிய ஒருமைப்பாட்டு மாநாடு கூட்டி, அதிலிருந்து ஒரு கவுன்சிலும் வந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பள்ளியில் தினமும் சொல்லியிருப்பீர்கள், ‘இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்.’ 1962இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்பவர் தெலுங்கில் எழுதிய உறுதிமொழி அது. நல்ல வரிகள்தான். ஆனால் உடன்பிறந்தவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் தம்பி? பங்குக்குச் சண்டை போடுவார்கள். சண்டையே இல்லாத வீடு என்றால் அநேகமாக அங்கே ஒருவன் மட்டும் பேசுகிறான், மற்றவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான், உங்கள் நடுவர்களுக்குப் பிடிக்காது. இந்த நாட்டின் ஒற்றுமைக்கு இளைஞர்கள் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிராகச் சென்னை மாநில மாணவர்கள் போட்ட சண்டை. அன்று அவர்களைத்தான் நாட்டைத் துண்டாடுகிறவர்கள் என்று திட்டினார்கள்.

அரசியல் சட்டப்படி 1950இலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலமும் இருக்கும், பிறகு 1965 ஜனவரி 26 முதல் இந்திதான் ஆட்சிமொழி. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார். 1963 ஆட்சிமொழிச் சட்டம் அதை அரைகுறையாகத்தான் சொன்னது. 1964 மே மாதம் நேருவும் போய்விட்டார். ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலம் மோதலில் முடிந்தது, தீ மாநிலம் முழுக்கப் பரவியது. 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் சுட்டு இறந்தார். ராணுவம் வந்தது. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 70 பேர் சாவு. மாணவர் கூட்டத்தில் கலந்துவிட்ட வெறியும் இருந்தது, திருப்பூரில் இரண்டு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்களை எரித்துக் கொன்றார்கள். அதற்கு எந்த நியாயமும் கிடையாது, மேடையில் இதைப் பேசினால் அதையும் மறைக்காமல் பேசுங்கள்.

சரி, பிறகு என்ன ஆனது? மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா செய்தார்கள். பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் வாக்கைக் காப்பாற்றுவதாக உறுதி சொன்னார். 1967 டிசம்பரில் அந்த ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாகக் கொள்ளாத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாமே தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலம் போகும் என்று ஆயிற்று. அதே 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ.சீனிவாசன், அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர். தெருவில் நின்றவன் சட்டமன்றத்துக்குள் போய் உட்கார்ந்தான். தி.மு.க. 1963இலேயே கைவிட்டிருந்த தனிநாட்டுப் பேச்சு அதற்குப் பிறகு இங்கே தலையெடுக்கவே இல்லை. ‘இளைஞர்களே, ஒன்றுபடுங்கள்’ என்று சுவரில் எழுதியா இது நடந்தது?

இன்னொரு பக்கம் பாருங்கள். இதை நான் பல பேரிடம் சொல்லி அலுத்துவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன். 1948 மார்ச்சில் ஜின்னா டாக்காவுக்கு வந்து, பாகிஸ்தானுக்கு உருது ஒன்றுதான் ஆட்சிமொழி, உங்களைக் குழப்புகிறவன் நாட்டின் எதிரி என்று பேசினார். எதற்காக? ஒற்றுமைக்காக. நாட்டில் பாதிக்கு மேல் வங்காளம் பேசுகிறவர்கள்! பட்டமளிப்பு விழாவில் அவர் மறுபடியும் அதையே சொன்னபோது மாணவர்கள் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று கத்தினார்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. 1956இல் வங்காளத்தையும் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் மனம் விட்டுப்போயிருந்தது. அப்புறம் 1970 தேர்தலில் வென்றவர்களிடம் ஆட்சியைக் கொடுக்கவில்லை, 1971இல் வங்கதேசம் பிரிந்து நாடே இரண்டாயிற்று. மொழி மட்டும் காரணமில்லைதான். ஆனால் அந்தப் பையன்கள் கத்தியபோதே உட்கார்ந்து கேட்டிருந்தால் என்ன? 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் சின்ன மாமா 1965இல் மதுரையில் பி.யூ.சி. படித்தார். தார்ச்சட்டியோடு போய் ரயில்வே பலகையில் இந்தி எழுத்தை அழித்து, அடிவாங்கி வந்தவர். பிறகு இந்தி பேசும் ஊரான பிலாயில், எஃகு ஆலையில் வேலை கிடைத்து, ஓய்வுபெறும்வரை அங்கேதான். சரளமாக இந்தி பேசுவார், காய்கறிக்காரரிடம் அவர் பேரம் பேசுவதைக் கேட்க வேண்டும், அத்தை வெட்கப்பட்டு நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வார். ‘என்ன மாமா, கொள்கை என்னாச்சு?’ என்று நாங்கள் சீண்டினால் கோபமே வராது. “அழிச்சவனும் நான்தான், பேசுறவனும் நான்தான். நீ படிச்சே தீரணும்னு சொன்னான், அழிச்சேன். எனக்கு வேணும்னு தோணுச்சு, படிச்சேன். இதுல என்னடா முரண்பாடு?” பிலாய் குடியிருப்பில் பீகார்க்காரர், மலையாளி, தெலுங்கர் என்று யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர் அவர்தான் என்று அத்தை சொல்வார். இந்த மனிதரை நான் ஒற்றுமைக்கு எதிரி என்று எழுதிக்கொள்ள வேண்டுமா?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். அது காந்தி நூற்றாண்டில், 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஏழு நாள் முகாமில் புல் வெட்டி, குழுப்படம் எடுத்துக்கொண்டதோடு உங்களுக்கு அது முடிந்துவிட்டது போலிருக்கிறது. எஸ்.என்.சுப்பாராவ் என்ற பெயரை யாராவது சொன்னார்களா? பெங்களூர்க்காரர், ஆனால் அவர் பெயரில் உள்ள ‘எஸ்’ நம் சேலம். அரைக்கால் சட்டையோடு ஆயுள் முழுக்க இளைஞர் முகாம்கள் நடத்தினார். சம்பல் பள்ளத்தாக்கில் ஜௌராவில் ஆசிரமம் வைத்து, 1972இல் சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு, 1993இல், பல மாநில இளைஞர்களை ஒரே ரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். வெவ்வேறு ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் ஒரே ரயிலில் இருந்தால் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் எத்தனை சண்டை வந்திருக்கும்! அது இல்லாமல் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இப்போது உங்கள் சட்னிக்கு வருகிறேன். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம். உங்கள் மெஸ்ஸில் பரிமாறுகிற பையனுக்கு உங்கள் வயதுதான் இருக்கும், ஒருவேளை குறைவாகவும். எந்த ஊர்க்காரன் என்று தெரியுமா? ஒடியாவா, போஜ்பூரியா, சந்தாலியா, வீட்டில் என்ன பேசுகிறான்? 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பூரிலேயே எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறினார்கள், பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பையன் அன்று தன் அம்மாவுக்குப் போனில் என்ன சொல்லியிருப்பான்? டெல்லியோடு போடுகிற சண்டை வேறு, தட்டில் சோறு வைக்கிறவனைப் பார்த்து மீம் போடுவது வேறு. முதலாவதை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், நானும் வருகிறேன். இரண்டாவதைச் செய்துகொண்டு மைக் முன்னால் ஒற்றுமை பேசாதீர்கள்.

மூன்று பாயின்ட் என்னிடம் இல்லை. நாளை ராத்திரி மெஸ் மூடும் நேரத்துக்குப் போய் அவனோடு உட்காருங்கள், சட்னிக்கு அவன் ஊரில் என்ன பெயர் என்பதிலிருந்துகூட ஆரம்பிக்கலாம். என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். போட்டியில் என்ன பரிசு என்று எழுத வேண்டாம்.