இணையக் கடைக்கு எந்த முறையில் செயலி எழுதுவது?

புடவைக் கடைக்கு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் செயலிகளைத் தனித்தனியாக எழுதுவதா, ஒரே நிரலில் முடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நிரல் போதும். பட்டியல், தேடல், கூடை, கட்டணம் இவ்வளவுக்கு ஒரே நிரலில் இரண்டுக்கும் செயலி எழுத உதவும் கூகுளின் ஃபிளட்டர் கருவியே தாராளம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி தெரிந்தவர் கையில் இருந்தால், அதே வேலையைச் செய்யும் ரியாக்ட் நேட்டிவ் கருவியை எடுக்கலாம்.

இணையதளத்தையே பொதிந்து செயலியாக்கித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை தேவை. செயலி வெறும் இணையதளமாக மட்டும் இருக்கக் கூடாது என்னும் தன் 4.2ஆம் விதியைக் காட்டி ஆப்பிள் அத்தகைய செயலியை நிராகரிக்கலாம்.

உண்மையான சிக்கல் பணம் செலுத்தும் இடத்தில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். அவர் திரும்புவதற்குள் ஆண்ட்ராய்டு உங்கள் செயலியை நினைவகத்திலிருந்து நீக்கிவிடலாம். பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை! ஆகவே பணம் செலுத்துதலைக் கையாளும் நிறுவனம் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலை வைத்தே ஆர்டரை உறுதிசெய்யுங்கள். செயலியை எழுதுபவரிடம் இதைக் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.