சேஃப் என்று சொல்லிவிட்டேன், சார்!

கேள்வி: வணக்கம் சார். பள்ளிகளுக்கிடையிலான சாஃப்ட்பால் போட்டியில் முதல் பேஸுக்கு நான்தான் அம்பயர். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட். ஓடி வந்த பிள்ளை பந்துக்கு முன்பே பேஸைத் தொட்டதாக நினைத்து 'சேஃப்' என்றேன், அடுத்த அடியில் அவர்கள் வென்றுவிட்டார்கள். பிறகு ஓர் அப்பா கைப்பேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினார். தெளிவான அவுட்! தோற்ற பிள்ளைகள் அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பெரிய பேஸ்பால் ஆட்டங்களில் அம்பயர் தப்பு செய்தால் என்ன செய்வார்கள்?
– ஓர் ஆசிரியை, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வணக்கம் டீச்சர். கையை விரித்தபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? பந்தைத்தானே? தொடக்கத்தில் நானும் அப்படித்தான். முதல் பேஸில் கண் பேஸை விட்டு நகரக்கூடாது. பந்து கிளவுஸில் விழும் சத்தத்தைக் காதுதான் பிடிக்க வேண்டும். பக்கத்தில் கொம்பாங் மேளம் அடித்தால் அதுவும் போச்சு.

சந்தேகம் வந்த அந்த நொடியே 'டைம்' சொல்லி, பிளேட் அம்பயரை, அதாவது அடிப்பவருக்குப் பின்னால் நிற்பவரை, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவராக வந்து உங்கள் முடிவைத் திருத்த முடியாது, நீங்கள் கேட்டால்தான் வாய் திறப்பார். விதி அப்படி. முடிவை மாற்றினால் ஓட்டக்காரர்களை எங்கே நிறுத்துவது என்பதையும் அம்பயர்களே கூடித் தீர்மானிப்பார்கள். உங்கள் கதையில் அது சுலபம், மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. கோட்டுக்குள் விழுந்த பந்தை 'ஃபவுல்' (வெளியே) என்று தவறாகக் கத்திவிட்டால்தான் தலைவலி. எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள், நடக்காத ஓட்டத்தை யார் கணக்குப் போடுவது?

பேஸ்பால் விதிப்புத்தகத்தில் அம்பயர்களுக்கான அறிவுரை ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும்: தப்பு செய்தபின் அதை ஈடுகட்டப் பார்க்காதே. நான் பார்த்திருக்கிறேன், டீச்சர். ஒருமுறை எல்லைக்குள் வந்த ஒரு நல்ல ஸ்டிரைக்கை 'பால்' (எல்லைக்கு வெளியே) என்றுவிட்டு, பாவம் பார்த்து அடுத்த வெளிப்பந்துக்கு ஸ்டிரைக் கொடுத்தேன். எதிரணிப் பயிற்றுநர், ஒரு சீன அம்மா, சிரித்துக்கொண்டே மலாயில் "சிக்கு, சுடா டுவா காலி சாலா" என்றார். ரெண்டு தப்பாகிவிட்டதாம்! உண்மைதானே.

இனி உங்கள் கதைக்கு அண்ணன் கதை. 2010 ஜூன் 2, அமெரிக்காவின் டெட்ராய்ட். அர்மாண்டோ கலாராகா என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டார். இன்னும் ஒருவர் போனால், எதிரணியில் ஒருவரையும் பேஸ் ஏற விடாத 'பெர்ஃபெக்ட் கேம்'. 27-ஆவது ஆள் அடித்த பந்தைச் சக ஆட்டக்காரர் பிடித்து வீச, கலாராகாவே முதல் பேஸுக்கு ஓடி வாங்கினார். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். கலாராகா ஒரு புன்னகையோடு திரும்பிப்போய் அடுத்த ஆளை அவுட்டாக்கினார். ஆட்டம் முடிந்து வீடியோ பார்த்த ஜாய்ஸ், தப்பு என்னுடையதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லி அழுதார், கலாராகாவிடம் மன்னிப்பும் கேட்டார். முடிவு மட்டும் மாறவில்லை. அப்போது வீடியோ ரீப்ளே ஹோம்ரன் சர்ச்சைகளுக்கு மட்டும்தான். மறுநாள் ஆட்டத்துக்கு முன், ஆட்டக்காரர் பட்டியலைப் பிளேட் அருகில் ஜாய்ஸ் கையில் கொடுத்தவர் கலாராகாதான். ஜாய்ஸ் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2014 முதல் இப்படிப்பட்ட பேஸ் முடிவுகளை நியூயார்க்கில் உட்கார்ந்து வீடியோவில் சரிபார்க்கிறார்கள். 2026-இல் 'பால்', ஸ்டிரைக் முடிவுகளுக்கும் சரிபார்ப்பு வந்துவிட்டது: அணிக்கு இரண்டு முறையீடு, வீசுபவரோ பிடிப்பவரோ அடிப்பவரோ தன் தலையைத் தட்டிக் கேட்கலாம். நம் திடலில் ஓர் அப்பாவின் கைப்பேசிதான், அதைப் பார்த்து முடிவை மாற்றவும் முடியாது.

அதனால் முடிவு முடிவுதான். ஆனால் அந்தப் பள்ளிக்கு ஒருநாள் போய், பயிற்சி நேரத்தில் பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லுங்கள். பயிற்றுநர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். அடுத்த போட்டிக்கு என்னையும் கூப்பிடுங்கள், கொம்பாங் கோஷ்டியை மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார வைத்துவிடலாம்.