24 வயதில் ஆர்க்கிடெக்சர் கேட்கும் மகளும் ஜெஃப்ரி பாவாவும்

அன்புள்ள ஐயா,

சட்டம் முடித்து ஒரு சீனியரிடம் ஜூனியராகப் போய்க்கொண்டிருக்கும் மகள், திடீரென்று ஆர்க்கிடெக்சர் படிக்க வேண்டும் என்கிறாள், கேட்டால், வக்கீலாக இருந்து பிறகு ஆர்க்கிடெக்ட் ஆனவர் என்று ஜெஃப்ரி பாவாவைக் காட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் சொல்வது உண்மைதான். இலங்கைக்காரரான பாவா கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பாரிஸ்டர் ஆகி, கொழும்பில் வக்கீலாக இருந்தவர். ஆர்க்கிடெக்டாகத் தகுதி பெற்றது 1957-இல், 38 வயதில். அதற்குப் பிறகுதான் அவர் வடிவமைத்த கோட்டே நாடாளுமன்றக் கட்டடம், தம்புள்ளைப் பக்கத்துக் கண்டலம ஹோட்டல் எல்லாம். சென்னை கன்னிமாரா ஹோட்டலிலும் உங்கள் மதுரையிலும்கூட அவர் வேலை இருக்கிறது.

ஆனால் மகள் பார்க்க வேண்டிய பகுதி, வக்கீல் வேலையை விட்டதற்கும் பட்டம் வாங்கியதற்கும் நடுவில் இருக்கிறது. 1940-களின் கடைசியில் பெந்தோட்டைப் பக்கம் ஏரிக்கரையில் லுணுகங்கை என்ற பழைய ரப்பர் தோட்டத்தை பாவா வாங்கினார். அதை மாற்றி அமைக்க இறங்கியபோது ஆசை பிடித்துக்கொண்டது. கூடவே, தனக்குத் தொழில்நுட்பம் போதாது என்பதும் தெரிந்துவிட்டது. அதனால் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அப்புறம் லண்டன் போய், தன்னைவிட மிகவும் சின்னவர்களோடு மாணவராக உட்கார்ந்தார். முதலில் வேலையைத் தொட்டுப் பார்த்தார், பிறகுதான் படிப்பு. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்றையும் மகளிடம் நேராகச் சொல்லுங்கள். பாவா வசதியான வீட்டுப் பிள்ளை. வருமானம் இல்லாத வருடங்களை அவரால் தாங்க முடிந்தது. உங்கள் வீட்டில் பி.ஆர்க். ஐந்து வருடம் என்றால், சம்பாத்தியம் தொடங்கும்போது அவளுக்கு முப்பதைத் தொட்டிருக்கும். ஆரம்பச் சம்பளமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வயதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், இந்தக் கணக்கைப் பற்றிக் கவலைப்படுங்கள். கட்டணம், விடுதி, கடன், அவள் கல்யாணத்துக்கென்று நீங்கள் எடுத்து வைத்திருப்பது, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

குறுக்கு வழி கிடையாது. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சில மாத வரைபட சாஃப்ட்வேர் கோர்ஸை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்திருப்பது நல்லதாயிற்று. பி.ஆர்க். நுழைவுத் தேர்வான நாட்டா எழுதலாம். படித்த சட்டமும் வீணாகாது. ஒப்பந்தம், கட்டட விதி, அனுமதி என்று இந்தத் தொழிலில் பாதி காகித வேலைதான். பாவாவுக்குக்கூட 1960-களின் பிற்பகுதியிலிருந்து பொறியாளர் பூலோகசுந்தரம் பங்குதாரராகத் தேவைப்பட்டார். கட்டுமானக் கணக்கையும் நிர்வாகத்தையும் தாங்கியவர் அவர்.

மே மாதக் கோர்ட் விடுமுறையில் அவளை ஊரிலேயே ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு அனுப்புங்கள், சம்பளம் எதிர்பார்க்காமல். வெயிலில் சைட்டுக்குப் போகட்டும். மாடிப்படி அளவை நாலு தரம் திருத்தட்டும், கழிவுநீர்க் குழாயின் சரிவுக்காகக் கொத்தனாரோடு மல்லுக்கட்டட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று கவனியுங்கள். கோர்ட் திறந்த பிறகும் யாரும் சொல்லாமலே நாட்டாவுக்குப் படிக்க உட்கார்ந்தாள் என்றால், அந்தக் கணக்குத் தாளோடு மூன்று பேரும் வாருங்கள். எந்தக் கல்லூரி என்று அப்போது பேசலாம்.